களவும் சிரிப்பும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகக் குற்றப்புனைவுகளையே விரும்பிப் படித்து வருகிறேன். அண்மைக்காலத்தில் கையில் எடுக்கும் நாவல்கள் எல்லாம் ஒரே இருளாக இருக்கின்றன: தொடர்கொலைகாரன், குடியால் குலைந்த காவல் அதிகாரி, ஓயாத மழை. குற்றத்தைப் பற்றியும் எழுத வேண்டும், வாய்விட்டுச் சிரிக்கவும் வைக்க வேண்டும். அப்படி ஓர் எழுத்தாளர் உண்டா?

பதில்: ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லலாம் என்றால், தயங்காமல் டொனால்ட் வெஸ்ட்லேக் என்பேன். 1933-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்து, 2008-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மறைந்த இந்த அமெரிக்க எழுத்தாளர், தம் சொந்தப் பெயரிலும் பல புனைபெயர்களிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவர். அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர்கள் சங்கம் 1993-இல் தன் மிக உயர்ந்த சிறப்பான ‘கிராண்ட் மாஸ்டர்’ பட்டத்தை அவருக்கு வழங்கியது. பட்டங்களைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வருவதில்லை என்பதால், அவர் படைத்த மனிதர் ஒருவரையே உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

ஜான் டார்ட்மண்டர் நியூயார்க்கில் வாழும் தொழில்முறைத் திருடர். தோள்கள் தொங்கிப்போய், முகம் வாடி, எதிலும் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை அறவே இல்லாமல் நடமாடும் மனிதர். ஆனால் திட்டம் தீட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காவலர் எங்கே நிற்பார், பூட்டு எந்த வகையைச் சேர்ந்தது, வண்டி எந்தத் தெருவில் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஆற அமர யோசித்து வைப்பார். அந்தத் திட்டத்தில் ஓட்டையே இருக்காது. உலகம்தான் அதற்கு ஒத்துழைக்காது. முட்டாள் திருடர்களை வைத்துச் சிரிக்க வைப்பது எளிய வேலை, அந்தச் சிரிப்பு பத்துப் பக்கங்களில் தீர்ந்தும் போகும். திறமையும் பொறுப்பும் உள்ள ஒருவர், செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகச் செய்து முடித்த பிறகும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் நிற்கும்போது எழும் சிரிப்பில், அவர்மீது நமக்கு ஏற்படும் பரிவும் சேர்ந்தே இருக்கிறது. வெஸ்ட்லேக்கை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் இந்தப் பரிவுதான்.

டார்ட்மண்டரின் கூட்டாளிகளும் அப்படியே. ஆண்டி கெல்ப் என்பவர் எந்த வில்லங்கமான யோசனையையும் உற்சாகம் குறையாமல் கொண்டுவந்து சேர்ப்பவர். கார் திருடும்போது மருத்துவர்களின் கார்களை மட்டுமே தேர்ந்தெடுப்பார். வலியையும் மரணத்தையும் நாள்தோறும் பார்க்கிறவர்கள் தங்களுக்கென்று வாங்கும்போது சொகுசில் குறை வைக்க மாட்டார்கள் என்பது அவர் கண்டறிந்த உண்மை. வண்டி ஓட்டும் ஸ்டான் மர்ச், எந்தச் சாலையில் நெரிசல், எந்தப் பாலத்தைத் தவிர்த்து வந்தேன் என்பதை விரிவாகச் சொல்லாமல் ஒரு கூட்டத்திலும் உட்கார மாட்டார். அவருடைய தாய் டாக்சி ஓட்டுகிறார். டார்ட்மண்டருடன் வாழும் மே, பல்பொருள் அங்காடியில் காசாளர். இவர்கள் எல்லோரும் கூடித் திட்டமிடும் இடம் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் உள்ள மதுக்கூடம் ஒன்றின் பின்னறை. அந்த அறைக்குப் போகும் வழியில், முன்பக்கத்து வாடிக்கையாளர்கள் ஏதாவது ஒரு பொது அறிவுச் செய்தியைப் பற்றிக் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் யாருமே சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு நாவலிலும் இந்தக் காட்சி வரும்போது, நெடுநாள் பிரிந்திருந்த உறவினர்களைப் பார்த்த மகிழ்ச்சி எனக்கு ஏற்படுகிறது.

கேள்வி: இந்த வரிசையில் எத்தனை நாவல்கள் இருக்கின்றன? முதலிலிருந்துதான் படிக்க வேண்டுமா?

பதில்: 1970-க்கும் 2009-க்கும் இடையே 14 நாவல்கள் வெளிவந்தன, கடைசி நாவல் ஆசிரியர் மறைந்த பிறகு வந்தது. இவை தவிர ஒரு சிறுகதைத் தொகுப்பும் உண்டு. எதை எடுத்தாலும் தனிக்கதையாகவே புரியும். இருந்தாலும் முதல் நாவலான ‘தி ஹாட் ராக்’கிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன். அது வரிசையில் முதலாவது என்பதைவிட, இந்த எழுத்தாளரின் முறை முழுவதும் அதில் தெளிவாகத் துலங்குகிறது என்பதே காரணம்.

கதை இதுதான். ஒரே நாடாக இருந்து இரண்டாகப் பிரிந்த இரு ஆப்பிரிக்க நாடுகள் ஒரு மரகதக் கல்லுக்கு உரிமை கொண்டாடுகின்றன. (இரண்டும் கற்பனை நாடுகள்.) கல் ஒரு நாட்டின் கையில் இருக்கிறது, நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் அதைத் திருடித் தரும்படி மற்ற நாடு டார்ட்மண்டரை அமர்த்துகிறது. திட்டப்படியே கண்காட்சி அரங்குக்குள் நுழைந்து கல்லையும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கூட்டாளி ஒருவர் அகப்பட்டுக்கொள்கிறார், பிடிபடும் நேரத்தில் கல்லை விழுங்கிவிடுகிறார். ஆகவே கல்லைப் பெற வேண்டுமானால் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அதையும் சாதித்த பிறகு, கல்லை முன்பு அடைபட்டிருந்த காவல் நிலையத்திலேயே ஒளித்து வைத்துவிட்டேன் என்கிறார். ஆகவே காவல் நிலையத்துக்குள் புக வேண்டும். அங்கிருந்து கதை ஒரு மனநல மருத்துவமனைக்கும், பிறகு ஒரு வங்கியின் பெட்டக அறைக்கும் போகிறது. ஒரு முறை ஹெலிகாப்டர் வேண்டியிருக்கிறது, இன்னொரு முறை ரயில் என்ஜினே தேவைப்படுகிறது. பூட்டு திறப்பதில் வல்லவரான கூட்டாளி தம் வீட்டில் பொம்மை ரயில் ஓட்டி மகிழ்கிறவர் என்று முன்னரே சொல்லப்பட்டிருப்பதால், உண்மையான என்ஜின் ஒன்று அவர் கைக்கு வரும் அந்த அத்தியாயத்தில் அவர் அடையும் ஆனந்தத்தைப் படித்துத்தான் அறிய வேண்டும். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடையும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. முந்தைய வெற்றியின் வயிற்றிலிருந்தே பிறக்கிறது. ஒரு தடையைத் தாண்ட அவர்கள் செய்த சரியான செயலே அடுத்த தடையை உண்டாக்குகிறது. அதனால்தான் நிகழ்ச்சிகள் எவ்வளவு விபரீதமாகப் போனாலும், ‘இது எப்படி நடக்கும்?’ என்ற கேள்வி வாசகர் மனத்தில் எழுவதில்லை.

கேள்வி: அவர் தொடக்கத்திலிருந்தே நகைச்சுவை எழுத்தாளராக இருந்தாரா?

பதில்: இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அவர் எழுதியவை இறுக்கமும் கடுமையும் நிறைந்த நாவல்கள். 1962-இல் ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற புனைபெயரில் பார்க்கர் என்னும் திருடனை அறிமுகப்படுத்தினார். பார்க்கர் சிரிக்க மாட்டான், வீண்பேச்சுப் பேச மாட்டான், குறுக்கே நிற்பவனைக் கொல்லவும் தயங்க மாட்டான். பின்னர் 1965-இல் வெளியான ‘தி ஃப்யூஜிடிவ் பிஜன்’ என்ற நாவலை வழக்கம்போல் பதற்றக் கதையாகத்தான் எழுதத் தொடங்கினார். எழுதும்போதே அது நகைச்சுவையாகத் திரும்பியது, அவரும் அதன் போக்கிலேயே விட்டார். அடுத்து 1967-இல் எழுதிய ‘காட் சேவ் தி மார்க்’, மர்மக்கதைகளுக்கு அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர்கள் சங்கம் வழங்கும் எட்கர் விருதைப் பெற்றது. சந்திக்கும் ஒவ்வொரு மோசடிக்காரனிடமும் தவறாமல் ஏமாந்துபோகும் ஓர் அப்பாவிக்குப் பெரும் சொத்து வந்து சேர்வதுதான் அதன் கதை.

டார்ட்மண்டர் பிறந்ததும் பார்க்கரிடமிருந்துதான். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் திருட வேண்டிய நிலைக்குப் பார்க்கரைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து ஒரு நாவலை எழுத ஆரம்பித்திருக்கிறார். அந்தச் சூழ்நிலையில் சிரிப்பு வந்து புகுந்துகொண்டது. பார்க்கர் கேலிக்கு இடமாவதைப் பொறுக்கக்கூடியவன் இல்லை என்று உணர்ந்து, கதையை எடுத்து வைத்துவிட்டார். பிறகு ஒரு மதுக்கூடத்தில் கண்ட ஜெர்மானிய பீர் விளம்பரப் பலகையிலிருந்து டார்ட்மண்டர் என்ற பெயர் கிடைக்க, எடுத்து வைத்த கதைக்கும் உரிய ஆள் கிடைத்துவிட்டார். அதுதான் ‘தி ஹாட் ராக்’.

இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு அமைந்தால் விட்டுவிடாதீர்கள். திட்டம், ஆட்களைச் சேர்த்தல், செயல், எதிர்பாராத சிக்கல் என்று இரண்டின் கட்டுமானமும் ஒன்றே. சிக்கல் வந்தவுடன் பார்க்கர் செயலில் இறங்குகிறான். டார்ட்மண்டர் முதலில் பெருமூச்சு விடுகிறார். அந்த ஒரு பெருமூச்சு அளவுதான் இரண்டு உலகங்களுக்கும் இடையே உள்ள தூரம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. இந்த உறவை ஆசிரியரே ஒரு நாவலின் கதையாக்கியும் இருக்கிறார். 1974-இல் வந்த ‘ஜிம்மி தி கிட்’ நாவலில் கெல்ப் ஒரு பார்க்கர் நாவலைப் படித்துவிட்டு, அதில் உள்ள கடத்தல் திட்டத்தை அப்படியே பின்பற்றலாம் என்று நண்பர்களை வற்புறுத்துகிறார். அந்தப் பார்க்கர் நாவல் தனி நூலாக உலகில் இல்லை; அதன் அத்தியாயங்கள் இந்த நாவலுக்குள் மட்டுமே இருக்கின்றன. நூலில் எல்லாம் கச்சிதமாக நடக்க, நடைமுறையில் எல்லாம் வேறு விதமாகப் போவதை மாறி மாறிப் படிக்கிறோம்.

கேள்வி: திருடனின் பக்கம் நின்று அவன் வெற்றி பெற வேண்டும் என்று விரும்ப வைப்பது சரியா? குற்றத்தைச் சிரிப்பாக மாற்றினால் அதன் கொடுமை மறைந்துவிடாதா?

பதில்: இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. நகைச்சுவைக் குற்றப்புனைவு எழுதுகிற எல்லோருக்குமாக என்னால் பேச முடியாது. பிணங்களை அடுக்கி வைத்து, அவற்றின்மேல் நையாண்டி செய்யும் நாவல்களும் இருக்கின்றன, அவை எனக்கு உவப்பானவை அல்ல. வெஸ்ட்லேக்கைப் பொறுத்தவரை, டார்ட்மண்டர் எடுப்பது பெரும்பாலும் காப்பீடு செய்யப்பட்ட, இழப்பைத் தாங்கக்கூடியவர்களின் பொருள். அவர் யாரையும் கொல்வதும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதிலை, 1990-இல் வெளியான ‘ட்ரவுண்ட் ஹோப்ஸ்’ நாவலில் ஆசிரியரே தந்திருக்கிறார் என்று நம்புகிறேன். டார்ட்மண்டருடன் முன்பு ஒரே சிறையறையில் இருந்த முதியவர் ஒருவர் விடுதலையாகி வருகிறார். அவர் கொள்ளையடித்த 7,00,000 டாலரை ஓர் ஊரில் புதைத்து வைத்திருந்தார். அவர் சிறையில் இருந்த காலத்தில் அணை கட்டி, அந்த ஊரையே நீர்த்தேக்கமாக்கி மூழ்கடித்துவிட்டார்கள். அணையை வெடி வைத்துத் தகர்த்தால் தண்ணீர் வடிந்துவிடும், பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. அணைக்குக் கீழே வாழும் நூற்றுக்கணக்கான மக்கள் என்ன ஆவார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே, வெடி வைக்காமல் பணத்தை எடுக்கும் பொறுப்பை டார்ட்மண்டர் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். தண்ணீருக்கு அடியில் இறங்கி நடந்தாவது எடுத்துவிடலாம் என்று அவர் படும் பாடு முழுக்கச் சிரிக்க வைக்கிறது. கரையில் காத்திருக்கும் அந்த முதியவரோ ஒரு கணமும் சிரிக்கத் தக்கவராக இல்லை. களவுத் தொழில் செய்யும் இரண்டு பேரை அருகருகே நிறுத்தி, ஒருவரிடம் மனச்சாட்சி இருப்பதையும் மற்றவரிடம் இல்லாததையும் இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாவலைக் குற்றத்தைக் கொண்டாடும் நூல் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: ‘தி ஹாட் ராக்’ திரைப்படமாக வந்திருக்கிறதாமே. அதைப் பார்த்தால் போதுமா?

பதில்: 1972-இல் வந்தது, ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்தார். நல்ல படம்தான். ஆனால் டார்ட்மண்டராக நடிக்க அவர் அழகு மிகுந்தவர். வாழ்க்கையால் கைவிடப்பட்ட அந்த முகம் அவருக்கு வாய்க்கவில்லை. நாவலையே முதலில் படியுங்கள்.

கேள்வி: எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவைக் குற்ற நாவல் ஒன்றை நண்பருக்குக் கொடுத்தேன். ஒரு முறைகூடச் சிரிப்பு வரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனம் வருந்தியது. நகைச்சுவை நூலை எப்படிப் பரிந்துரைப்பது?

பதில்: உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சோகக் கதை ஒருவருக்குப் பிடிக்காமல் போனால் நூலின் குறை என்று விட்டுவிடுகிறோம். நகைச்சுவை பிடிக்காமல் போனால் நம்மையே புறக்கணித்ததுபோல் இருக்கிறது.

முதலாவதாக, ‘சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது’ என்று சொல்லி நூலைக் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்னவுடன் படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் சிரிப்பைத் தேட ஆரம்பிக்கிறார். தேடப்படும் சிரிப்பு வராது. அதற்குப் பதிலாகக் கதையில் உள்ள சிக்கலை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ‘ஒரு வங்கிக்குப் புதிய கட்டடம் கட்டுகிறார்கள். அது முடியும் வரை வங்கி ஒரு நடமாடும் வீட்டில், சக்கரம் பொருத்தினால் இழுத்துச் செல்லக்கூடிய ஒரு பெரிய கூண்டு வண்டியில், தற்காலிகமாக இயங்குகிறது. அப்படியானால் வங்கியில் கொள்ளையடிப்பானேன், வங்கியையே கொண்டுபோய்விட்டால் என்ன என்று சிலர் யோசிக்கிறார்கள்.’ இது 1972-இல் வந்த ‘பேங்க் ஷாட்’ நாவலின் தொடக்கம். இதைக் கேட்டவுடன், ‘சரி, கொண்டுபோன வங்கியை எங்கே ஒளித்து வைப்பார்கள்?’ என்று எதிரில் இருப்பவர் கேட்டால், நூலை அவர் கையில் கொடுத்துவிடலாம். கேட்காவிட்டால், வேறு நூலைப் பாருங்கள்.

இரண்டாவதாக, முழு நாவலைத் தருவதற்கு முன்னால் ஒரு சிறுகதையைக் கொடுத்துப் பாருங்கள். எட்கர் விருது பெற்ற ‘டூ மெனி க்ரூக்ஸ்’ என்ற சிறுகதை இதற்கு மிகவும் ஏற்றது. டார்ட்மண்டரும் கெல்ப்பும் சுரங்கம் தோண்டி ஒரு வங்கியின் பெட்டக அறைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே நிறைய மனிதர்கள் நிற்கிறார்கள். மேலே வேறொரு கும்பல் ஏற்கெனவே கொள்ளையில் இறங்கி, எல்லோரையும் பிணைக்கைதிகளாக அங்கே அடைத்து வைத்திருக்கிறது. சில பக்கங்களே கொண்ட இந்தக் கதை ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால், இந்த ஆசிரியர் அவருக்கு உரியவர் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஆங்கில வாசிப்பில் அதிகப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இதுவே நல்ல நுழைவாயில். உரையாடல் மிகுதி, வாக்கியங்கள் சிறியவை.

மூன்றாவதாக, நண்பர் எதற்குச் சிரிக்கிறார் என்பதைக் கவனித்து நூலைத் தேர்ந்தெடுங்கள். மனிதர்களின் அன்பான பித்துகளை ரசிப்பவருக்கு 1985-இல் வந்த ‘குட் பிஹேவியர்’ பிடிக்கும். காவலர்களிடமிருந்து தப்பி ஓடும் டார்ட்மண்டர், பேசா நோன்பு பூண்ட கன்னியாஸ்திரீகளின் மடத்துக் கூரைக்குள் அகப்பட்டுக்கொள்வதில் அது தொடங்குகிறது. அதிகாரம் படைத்தவர்கள் மூக்குடைபடுவதை ரசிப்பவருக்கு, டார்ட்மண்டரின் விரலில் கிடந்த மோதிரத்தையே ஒரு பெரும் பணக்காரர் பறித்துக்கொள்ளும் 1996-ஆம் ஆண்டு நாவலான ‘வாட்ஸ் தி வொர்ஸ்ட் தட் குட் ஹேப்பன்?’ பொருந்தும். திருடரிடமே திருடிய அந்த மனிதரை டார்ட்மண்டர் விடாமல் பின்தொடர்வதுதான் கதை.

இவ்வளவு செய்தும் நண்பருக்குச் சிரிப்பு வரவில்லை என்றால், வருந்தாமல் நூலை வாங்கி வைத்துக்கொண்டு வேறொருவரைத் தேடுங்கள்.

கேள்வி: தேவனின் துப்பறியும் சாம்புவை ரசித்து வளர்ந்தவன் நான். அந்தச் சுவை இவரிடம் கிடைக்குமா?

பதில்: பாதி கிடைக்கும். 1940-களில் ஆனந்த விகடனில் உலவிய சாம்பு, எதையும் புரிந்துகொள்ளாமலே குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பவர். இன்ஸ்பெக்டர் கோபாலன் உட்பட ஊரே அதை மேதைமை என்று போற்றும். டார்ட்மண்டர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டும் வெறுங்கையோடு வீடு திரும்புபவர். ஊருக்கு அவரைத் தெரியவே தெரியாது. சாம்புவுக்கு அதிர்ஷ்டம் செய்வதை எல்லாம் இவருக்குத் துரதிர்ஷ்டம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இருவரிடமும் பொதுவாக இருப்பது, படைத்தவர்கள் அவர்கள்மீது வைத்திருக்கும் பாசம். சாம்புவை நேசித்தவருக்கு டார்ட்மண்டரை நேசிப்பது கடினமாக இராது.

கேள்வி: இவரை முடித்த பிறகு யாரைப் படிக்கலாம்?

பதில்: லாரன்ஸ் பிளாக், கார்ல் ஹயசன் என்று இரண்டு பெயர்களைச் சொல்வேன். பிளாக்கின் பெர்னி ரோடன்பார் இரவில் வீடு புகுந்து திருடுபவர். பிந்தைய நாவல்களில் பகலில் பழைய புத்தகக் கடையும் நடத்துகிறார். நயமான பேச்சும் ஒழுங்கான துப்பறிதலும் வேண்டுபவர்களுக்கு ஏற்றவர். ஹயசன் ஃபுளோரிடா மாநிலத்துப் பத்திரிகையாளர். இயற்கையை அழிக்கும் நில வணிகர்கள்மீதும் அரசியல்வாதிகள்மீதும் அவருக்கு உள்ள கோபம்தான் அவருடைய நகைச்சுவையின் ஊற்று. வெஸ்ட்லேக்கின் மென்மையை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் வெஸ்ட்லேக்கையே இன்னும் முடித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 14 நாவல்களும் ஒரே தரத்தில் இல்லை. 2000-க்குப் பின் வந்த சிலவற்றில் கட்டுக்கோப்பு தளர்ந்திருக்கிறது, பழகிய மனிதர்களோடு பொழுதைக் கழிக்கும் இன்பத்துக்காகவே அவற்றைப் படிக்க வேண்டும். டார்ட்மண்டர் இல்லாத நாவல்களில் 1974-இல் வந்த ‘ஹெல்ப் ஐ ஆம் பீயிங் ஹெல்ட் பிரிசனர்’ எனக்கு மிகவும் நெருக்கமானது: சிறையிலிருந்து வெளியேறச் சுரங்கப்பாதை வைத்திருக்கும் கைதிகள், தப்பி ஓடாமல் நாள்தோறும் வெளியே போய்த் திரும்பி வருகிறார்கள், தாங்கள் சிறைக்குள்தான் இருந்தோம் என்று அரசாங்கமே சாட்சி சொல்லும் என்பதால் வங்கிக் கொள்ளைக்கும் திட்டமிடுகிறார்கள். அதன் பிறகு 1997-இல் வந்த ‘தி ஆக்ஸ்’ நாவலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை இழந்த காகித ஆலை அதிகாரி ஒருவர், அதே வேலைக்குத் தகுதியுள்ள மற்றவர்களைப் போலி விளம்பரத்தின் மூலம் கண்டுபிடித்து ஒவ்வொருவராகக் கொல்லத் துணிகிறார். அது நகைச்சுவை நாவல் அல்ல. தடைகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறப்பிக்கும் அதே கை, சிரிப்பை முற்றிலும் விலக்கிக்கொண்டு எழுதியது. டார்ட்மண்டரோடு சில காலம் பழகிய பிறகு படித்தால்தான் அதன் முழு வலிமையும் தெரியும்.